பட்டறை என் பேரில்தான் இருக்கிறது

மூன்று பதில்கள்தான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று வக்கீல் ஆறுச்சாமி சொல்லியிருக்கிறார். பட்டறை என்னுடையது. என் மில் பி.எஃப். பணமும் நகை விற்ற பணமும் போட்டு வாங்கியது. வீட்டுக்காரர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார், மாதம் பதினாலாயிரம். வாய்ப்பாடு ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி காலையிலிருந்து இதையே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இரண்டாவது பதிலில் ஒவ்வொரு தடவையும் நாக்கு நின்றுவிடுகிறது. பி.எஃப். வரைக்கும் தடங்கல் இல்லை. நகை என்கிற இடத்தில் நிற்கிறது. பி.எஃப். உண்மை. அன்னூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் பதினோரு வருஷம் நூல் பரிசோதனை அறையில் வேலை பார்த்துவிட்டு நின்றபோது வந்த ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தேன், அதில் ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டார், பச்சைப் பெயின்ட் அடித்தது, வாசலோரம் நிற்கிறது. அந்த ஒரு மெஷின் உண்மை. மற்ற இரண்டு லேத்தும் மில்லிங் மெஷினும் நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே அங்கே ஓடிக்கொண்டிருந்தவை. நாலில் ஒன்று நிஜம் என்றால் நான் சொல்லப்போவது முழுப் பொய்யா முக்கால் பொய்யா, சாமிக்கு முன்னால் அதற்குத் தனித்தனிக் கணக்கு உண்டா, இதை யாரிடம் கேட்பது? கோர்ட் வராந்தாவின் இந்த சிமென்ட் பெஞ்சு காலையிலேயே சுடுகிறது. தூணுக்குத் தூண் யாரோ அழுது முடித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். டவாலி கதவைத் திறந்து ஒவ்வொரு பேராக மூன்று தடவை கூப்பிடும்போதெல்லாம் பாதி எழுந்துவிடுகிறேன், என் பேர் இல்லை என்றதும் உட்காருகிறேன், உட்கார்ந்ததும் மறுபடி நகை வந்து நிற்கிறது.

நகையை விற்கவில்லை. வீட்டில் அரிசி டிரம்முக்குள் துணிப்பையில் இருக்கிறது, பதினாறு பவுன். விற்றதாக ஒரு ரசீது ஆறுச்சாமியின் கட்டுக்குள் இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. காலையில் தலை சீவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "கழுத்துல என்ன கோகிலா?" என்றார். தாலிக்கொடிதான், அஞ்சு பவுன். "அதையும் வித்தாச்சுன்னு எழுதியிருக்குது. போட்டுட்டுப் போய் நின்னா ஜட்ஜுக்குக் கண்ணு தெரியாதா?" குரலில் கோபமே இல்லை, அவருக்கு என்னிடம் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் மஞ்சள் கயிறு தயாராக வைத்திருந்தார். கொடியிலிருந்து தாலியைக் கழற்றிக் கயிற்றில் கோத்து அவரே கட்டினார், கண்ணாடியில் அவர் முகம் என் தோளுக்கு மேலே தெரிந்தது, பிசகில்லாமல் ஒரு போல்ட்டை முறுக்குகிறவருடைய கவனம். மூன்று முடிச்சுப் போட்டாரா என்று நான் எண்ணினேன். இரண்டுதான். கழற்றும்போது சுலபமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அதிலிருந்து கழுத்து வெறுமையாகக் குறுகுறுக்கிறது, கை தானாக அங்கே போகிறது, கயிறு வேர்வையில் நனைந்து மஞ்சள் இறங்கி ஜாக்கெட் ஓரத்தில் கறையாகியிருக்கிறது.

எதிர் வரிசையில் நாலு தூண் தள்ளி அவள் உட்கார்ந்திருக்கிறாள், வனிதாமணி, அவருடைய முதல் மனைவி. விவாகரத்தாகி நாலு வருஷம், எங்கள் கல்யாணம் அதற்கு அடுத்த வருஷம். பக்கத்தில் அந்தப் பெண் குழந்தை, சாதனா, ஒன்பது வயது. காலாண்டு லீவு, விட்டுவிட்டு வர ஆள் இல்லாமல் கூட்டி வந்திருப்பாள். வனிதாமணியை நான் இதுவரை போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஆங்காரி, பணப்பேய், வாய்க்காரி என்று மாமியார் சொன்னதையெல்லாம் வைத்து உயரமாக, தடிப்பாக ஒருத்தியை நானே செய்து வைத்திருந்தேன். இவள் என்னைவிடக் குள்ளம். துணிக்கடையில் பில் போடுகிறவள், நாளெல்லாம் நிற்பதால் பாதம் வீங்கி செருப்பு வார் பதிந்திருக்கிறது, அதைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்து ஆற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் போட்ட மனுவின் நகலை நான் படித்திருக்கிறேன். அவர் பட்டறைக்குப் போன பிறகு, என் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. விவாகரத்தின்போது குழந்தைக்கு மாதம் மூவாயிரம் என்று முடிவானது, இப்போது பன்னிரண்டாயிரமாகக் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஏன் என்று கீழே வரிசை போட்டிருக்கிறது. பள்ளிக்கூட ஃபீஸ். வேன். வாடகையில் பாதி. வீசிங் மருந்து, இன்ஹேலர், மாதம் ஆயிரத்து நூறு. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் அதற்குத் தனி. பிறந்த நாளுக்குத் துணி ஒன்று, எண்ணூறு. அந்த எண்ணூறில்தான் நான் மாட்டிக்கொள்வேன் ஒவ்வொரு தடவையும். பொய்க் கணக்கு எழுதுகிறவள் ஆயிரம் என்று எழுதியிருப்பாள், இரண்டாயிரம் என்று எழுதியிருப்பாள். எண்ணூறு என்று எழுதுகிறவள் கடைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டு வந்தவள்.

"குழந்தைக்கா போகுது?" என்பார் அவர். "அவ பட்டுப்பொடவை எடுக்கறதுக்கு நான் லேத்துல நின்னு முதுகொடியணுமா?" இன்னொரு நாள் பாப்பாவை நெஞ்சின் மேல் படுக்கவைத்துக்கொண்டு சொன்னார், "அங்க எச்சாப் போற ஒவ்வொரு ரூவாயும் இனியாகிட்ட இருந்து எடுத்துக் குடுக்கறதுதான். நீயே சொல்லு, எடுக்கட்டுமா?" பாப்பா அவர் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன். அன்றைக்கு அது கஷ்டமாகவே இல்லை, எதிரே முகம் இல்லை, பணப்பேய் ஒன்றுதான் இருந்தது. அதற்கு ரொம்ப முன்பே, பாப்பா பிறப்பதற்கும் முன்னால், கோர்ட் நோட்டீஸ் வந்து பதினேழாம் நாளே பட்டறை என் பேருக்கு மாறியிருந்தது. கரண்ட் கனெக்‌ஷன், வரி நம்பர், பேங்குக் கணக்கு எல்லாம். அவர் என்னிடம் வேலை பார்க்கும் ஆளாகிவிட்டார். என் பேருக்குக் கீழே உரிமையாளர் என்று ரப்பர் ஸ்டாம்பு ஒன்று வந்தது, மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதி அந்த ஸ்டாம்பைக் குத்திக் கையெழுத்துப் போடுவேன். நல்ல மாதத்தில் பட்டறையில் செலவு போக எழுபதாயிரம் நிற்கும், மழைக்காலத்தில்கூட ஐம்பதுக்குக் குறையாது. சீட்டில் பதினாலாயிரம். ஒரு தடவை ஸ்டாம்பைப் பாப்பா எடுத்துக் கடித்துவிட்டாள், உதடு, நாக்கு, பல் வராத ஈறு எல்லாம் ஊதா. நான் பதறிப்போய் விரல் விட்டுத் துடைத்தேன், துடைக்கத் துடைக்கப் பரவியது, இரண்டு நாள் அவள் சிரித்தபோதெல்லாம் ஊதா நாக்கு.

பால் கட்டுகிறது. பாப்பாவுக்குப் பத்து மாசம், காலை ஏழு மணிக்குக் கொடுத்தது, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பத்தரைக்கு ஒரு தடவை குடிப்பாள். உடம்புக்கு மணி தெரிகிறது, கோர்ட் தெரியவில்லை. இடது பக்கம் கல்லாகி அக்குள் வரை நரம்பு இழுக்கிறது. எதிரே அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து பெஞ்சின் மேல் நோட்டை வைத்து ஏதோ வரைகிறாள். கொஞ்சம் வரைந்துவிட்டு நிமிர்ந்து தோளைத் தூக்கி மூச்சை இழுக்கிறாள், மறுபடி குனிகிறாள். அந்தத் தோள் தூக்கல் எனக்குத் தெரியும், அவர் மாடிப்படி ஏறி வந்ததும் அப்படித்தான் செய்வார், அவருக்கும் சின்ன வயசில் வீசிங் இருந்ததாம். காது மடலும் அவருடையதுதான், இனியாவுக்கும் அதே மடல், மேல் ஓரம் மடங்கினது. அவள் இருமினாள். சின்ன இருமல்தான், உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு என் மார்பில் பால் இறங்கியது, சுள்ளென்று, இரண்டு பக்கமும், நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். இது என் பிள்ளை இல்லை என்று உடம்புக்கு எப்படிச் சொல்வது? பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தேன். சுவரில் இலவச சட்ட உதவி என்று ஒரு போர்டு, அதில் கை கோத்து நிற்கிற அப்பா அம்மா பிள்ளை படம், வெயிலில் அப்பாவின் முகம் மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது.

முப்பத்திரண்டு வயசில்தான் எனக்குக் கல்யாணம். செவ்வாய் தோஷம், அப்பா இல்லை, சேர்த்த பணமெல்லாம் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் போனது. மில்லில் என் வேலை நூலை மெஷினில் மாட்டி அறுகிற வரை இழுப்பது, எவ்வளவு இழுத்தால் அறுந்தது என்று நோட்டில் எழுதுவது. ராத்திரி மில் ஹாஸ்டல் அறையில் மற்றப் பெண்கள் போனில் குசுகுசுத்துக்கொண்டிருக்கும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, இனிமேல் யாரும் வரமாட்டார்கள் என்பதைப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தாமோதரன் என்று ஒருத்தர், லேத் பட்டறை, முதல் சம்சாரம் சரியில்லை, கோர்ட்டில் தீர்த்துவிட்டார் என்று ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையே எழுந்து போய் அம்மாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அம்மா அன்றைக்கு அழுதாள். இப்போதும் அவர் மோசமில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடியத் தோளில் போட்டு நடப்பார். இந்தப் பெண்ணையும் அப்படித் தோளில் போட்டு நடந்திருப்பாரா? நடந்திருப்பார். அதுதான் பயம். குடிகாரன், அடிக்கிறவன் என்றால் அது வேறு வகை ஆள், அவளுக்கு வாய்த்தது அது, எனக்கு வாய்த்தது இது என்று பிரித்துக்கொள்ளலாம். இதே தோள், இதே நடை, இதே பாட்டு என்றால் நான் எங்கே போய் நிற்பது?

அவர் வராந்தாவுக்குள் வரவில்லை. அவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார். ஒரே ஒரு தடவை சுவரோரமாக வந்து ஜன்னல் கம்பி வழியாகக் கூப்பிட்டார். "பயமா இருக்குதா?"

"இல்லீங்க."

"மூணே வார்த்தை. சொல்லிட்டு எறங்கிரு. சாப்பாட்டுக்கு நல்ல கடையாப் போலாம்."

"ஏனுங்க, அந்தப் பொண்ணு வந்திருக்குது. இருமிட்டே இருக்குது."

அவர் முகம் ஒரு நொடி ஏதோ ஆயிற்று. எட்டிப் பார்க்க நினைத்தவர் மாதிரிக் கழுத்து நீண்டது, பிறகு நின்றுவிட்டது. "வேணும்னேதான் கூட்டிட்டு வந்திருக்கறா, ஜட்ஜ் மனசு எளகட்டும்னு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோகிலவாணி, கோகிலவாணி, கோகிலவாணி. டவாலியின் வாயில் என் பேர் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எழுந்தபோது கால் மரத்திருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம், காகித வாசனை, உயரத்தில் ஜலதோஷம் பிடித்த ஜட்ஜ் ஐயா, கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி முன்பே சொல்லியிருந்தார், இரண்டு வருஷமாக இழுக்கிற கேஸ், உன் சாட்சிதான் பாக்கி, முடிந்தால் மத்தியானமே உத்தரவு. கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். முதல் பதில் வந்தது. இரண்டாவதும் வந்தது, நகை என்கிற இடத்தில் நாக்கு நிற்கவே இல்லை, காலையிலிருந்து பயந்தது வீண், வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூன்றாவதும் வந்தது. டைப் அடிக்கிற பெண் மூன்றையும் தட்டி முடித்தாள். அப்புறம் வனிதாமணியின் வக்கீல் எழுந்தாள், சின்னப் பொண்ணு, கறுப்புக் கோட்டு அவளுக்குத் தோளில் நிற்கவில்லை. பட்டறையில் எத்தனை ஆள், யாருக்கு என்ன கூலி, போன மாதம் எந்தக் கம்பெனி வேலை வந்தது என்று கேட்டாள். அவர் சொல்லிக் கொடுத்திருந்தார், சொன்னேன். அவள் ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பட்டறை யார் பேர்ல இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர் பேர்லதானுங்க இருந்திருக்கும்."

"இல்லைங்க. என் கட்சிக்காரர் வனிதாமணி பேர்ல இருந்தது. பெண்களுக்கான தொழில் கடன் வாங்கறதுக்காக அவங்களை உரிமையாளர் ஆக்கினாங்க. கடன் முடிஞ்சதும் கையெழுத்து வாங்கித் திருப்பி எழுதிக்கிட்டாங்க. அதுக்கு அடுத்த மாசம் அவங்களைக் குழந்தையோட வீட்டை விட்டு அனுப்பினாங்க. இது தெரியுமா உங்களுக்கு?"

ஆறுச்சாமி எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். ஜட்ஜ் ஐயா கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியுமா, தெரியாதாம்மா?"

தெரியாது. தெரியவே தெரியாது. கூண்டின் மரக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து அது வழவழவென்று இருந்தது. வனிதாமணி கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறைக்கவில்லை. டாக்டர் அறைக்குள் தனக்கு அடுத்ததாகப் போகிறவளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். பத்து நாளைக்கு முன்னால் அவர் கொண்டுவந்த காகிதக் கட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வக்கீல் கேட்டாராம், பாதுகாப்புக்காம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பாப்பா அழுதுகொண்டிருந்தாள், நான் வேகவேகமாகப் போட்டேன், ஏழோ எட்டோ, கடைசித் தாளில் அவர் தம்பியின் பேர் இருந்தது, தேதி இருக்கிற இடம் காலியாக இருந்தது. ஏனுங்க தேதி போடலையா என்று கேட்டேன். அதை வக்கீல் போட்டுக்குவாரு என்றார். அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது? யார் பீரோவில், எந்தத் தேதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது? இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐயா இது என்னுடையது இல்லீங்க என்று. சொன்னால் இன்று சாயங்காலம் நான் எந்த வீட்டுக்குப் போவேன்? அம்மா வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிறாள். பாப்பாவுக்கு மாதம் எவ்வளவு ஆகும், பால்பொடி, தடுப்பூசி, வாடகையில் பாதி. அப்புறம் நானும் ஒரு மனு எழுதுவேன். பிறந்த நாளுக்குத் துணி ஒன்று என்று எழுதுவேன். அப்போது பட்டறை யார் பேரில் இருக்கும்? கொழுந்தன் பேரில். இவருக்கு அவன் சம்பளச் சீட்டு எழுதுவான். இதெல்லாம் சட்டென்று, யாரோ விளக்கைப் போட்ட மாதிரி, மூலை முடுக்கு வரை தெரிந்தது. தெரிந்த பிறகும் வாய் இன்னொரு பக்கமாகத்தான் போயிற்று.

"முந்தி நடந்தது எனக்குத் தெரியாதுங்க ஐயா. இப்ப பட்டறை என்னோடதுதானுங்க."

டைப் சத்தம் கேட்டது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அங்கேயும் பென்சில் குறி இருந்தது, போட்டேன்.

மத்தியானம் அவர் சாப்பிடக் கூப்பிட்டார், வயிறு சரியில்லை என்றேன். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சித் தொட்டிக்குள் விட்டேன். வலி குறையக் குறைய அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெள்ளையாக ஓடிக் குழிக்குள் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனையோ கிலோமீட்டருக்கு அப்பால் பாப்பா பாட்டிலைத் தட்டிவிட்டு அழுதுகொண்டிருப்பாள். மில்லில் நூலை இழுத்த மாதிரிதான், எங்கே அறும் என்று தெரிகிறவரை இழுப்பார்கள். நானாக அறுந்துவிடலாம் என்றால் அதற்கும் தெம்பு வேண்டும். வெளியே வந்தபோது வனிதாமணி குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். விலகி எனக்கு இடம் விட்டாள். கை கழுவினேன். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், சாபமாவது விடுவாள் என்று நினைத்தேன், விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தண்ணி நின்னுபோகும், சீக்கிரம் புடிச்சுக்குங்க," என்று மட்டும் சொன்னாள்.

மூன்றே முக்காலுக்கு உத்தரவு. ஜட்ஜ் ஐயா படித்தார், இடையிடையே தும்மினார். பட்டறை கைமாறிய தேதியைப் பார்த்தால் எதிர்மனுதாரர் வருமானத்தை மறைக்கிறாரோ என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. ஆனால் அதை மெய்ப்பிக்க மனுதாரர் தரப்பில் வேறு ஆவணம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. பட்டறை தன்னுடையது என்று உரிமையாளரே சாட்சி சொல்லியிருக்கிறார். ஆகவே சம்பளச் சீட்டை அப்படியே ஏற்காமல், தொழில் தெரிந்த ஆளுக்குக் கிடைக்கக்கூடிய கூலியாக மாதம் பதினெட்டாயிரம் என்று வைத்துக்கொண்டு, அவருக்கு வயதான தாயாரும் இரண்டாவது திருமணத்தில் இனியா என்கிற பத்து மாதக் கைக்குழந்தையும் இருப்பதைக் கருதி, அதில் நாலில் ஒரு பங்கு, நாலாயிரத்து ஐநூறு. என் பாப்பாவின் பேரை அவர் சரியாக உச்சரித்தார். யாரையும் திட்டவில்லை, நியாயமாகத்தான் பேசினார், அவர் கையில் கொடுத்த காகிதங்களிலிருந்து அவருக்கு அவ்வளவுதான் தெரியும். வனிதாமணியின் வக்கீல் மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அவள் காதில் சொன்னாள். வனிதாமணி எவ்வளவு ஆகும் என்று கேட்டதும், அந்த வக்கீல் பொண்ணு காகிதக் கட்டைக் கட்டினதும் தெரிந்தது.

அவருக்கு சந்தோஷம். கேட்டுக்கு வெளியே ஆறுச்சாமியின் கையைக் குலுக்கினார். "நாலாயிரத்தி ஐநூறுதானே, குடுத்துட்டுப் போறேன். என் புள்ளைதானே அதுவும்," என்றார். நிஜமாகவே பெருந்தன்மையாகச் சொன்னார், கண்கூட லேசாகக் கலங்கியது. என்னைத் திரும்ப வராந்தாத் தூணோரம் போய் நிற்கச் சொல்லிவிட்டு வண்டியெடுக்கப் போனார். வராந்தா காலியாகிவிட்டது. யாரோ வாளியோடு வந்து தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும், பாப்பாவைத் தூக்க வேண்டும், அதற்கு அப்புறம் ராத்திரிக்கு என்ன செய்வது, நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கப் பார்த்தேன். யோசனை இரண்டடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. யாரோ என் முந்தானையைத் தொட்டார்கள்.

"ஆன்ட்டி."

சாதனா. கிட்டத்தில் அந்த விசில் நன்றாகக் கேட்டது. அவள் அம்மா தூரத்தில் வக்கீலிடம் காகிதம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"எங்கப்பா உங்க கம்பெனிலதான் வேலை செய்யறாருங்களா? எங்கம்மா வக்கீல் அக்காகிட்ட சொன்னாங்க. நீங்கதான் மொதலாளியாமா."

இவளுக்கு என்னை யார் என்று தெரியாது. அவள் அம்மா சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா கண்ணு."

"நல்லா வேலை செய்வாருங்களா?"

"நல்லாச் செய்வாரு."

அவள் தோளைத் தூக்கி மூச்சை இழுத்தாள். பேச வேண்டியதை ரொம்ப நேரமாகச் சேர்த்து வைத்திருந்த மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். "அப்பறம் ஏனுங்க பதினாலாயிரம் மட்டும் குடுக்கறீங்க? கொஞ்சம் சேத்திக் குடுங்க ஆன்ட்டி. அவரு பாவம், வேற ஒரு பாப்பா வேற இருக்குதாமா. நீங்க சேத்திக் குடுத்தீங்கன்னா எங்களுக்கும் சேத்திக் குடுப்பாரு. இல்லாததுனாலதான் எங்களைப் பாக்க வர்றதில்லை."

வாசலில் அவர் ஹார்ன் அடித்தார், இரண்டு தடவை, செல்லமாக. அவளுடைய காது மடலின் மடங்கின ஓரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தொட வேண்டும் போலக் கை எழுந்தது, எழுந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளில் கழன்றிருந்த பையின் பட்டையைச் சரி செய்தேன்.

"சரி கண்ணு. அடுத்த மாசத்துல இருந்து சேத்திக் குடுக்கறேன்."

"நெஜமாங்களா?"

"நெஜமா."

அவள் ஓடினாள். ஈரத்தரையில் வழுக்கிச் சமாளித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டே ஓடினாள். "அம்மா, அம்மா, சேத்திக் குடுக்கறாங்களாமா!" வனிதாமணி குனிந்து அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். இல்லை என்று குழந்தையிடம் சொல்லவில்லை. முந்தானையால் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, ஆட்டிப் பார்த்து, மறுபடியும் ஆட்டிப் பார்த்து, அதில் இருந்த கடைசி மருந்தைக் குழந்தையின் வாயில் வைத்து அமுக்கினாள்.